கொன்றவன் பேர் தெரியும்... செத்தவள் பேர் என்ன?



திருவிழா, பொருட்காட்சி என்று எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கூட்டம் கூடும் இடங்களில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு 'பேய் வீடு' போட்டிருப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் துணி, சிவப்பு பல்பு, ஆடுகிற எலும்புக்கூடு பொம்மை... அவ்வளவுதான். உள்ளே போய் 'ஐயோ அம்மா' என்று கத்திவிட்டு, வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே டெல்லி அப்பளம் வாங்கித் தின்போம்.

அதே பேய் வீட்டை, ஒரு ஊரின் சரித்திரத்தையே வைத்துக் கட்டினால் எப்படி இருக்கும்? லண்டனில் அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். 'லண்டன் டன்ஜன்' என்று பெயர். டன்ஜன் என்றால் பாதாளச் சிறை. அதைப் பார்த்த அனுபவத்தையும், பார்த்த பிறகு என் மனதில் விழுந்த ஒரு கேள்வியையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்குத் திருவாரூர் பக்கம் கொஞ்சம் நிலம். ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு. 2019-ல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. ஆகஸ்ட்டில்தான் திறந்தார்கள். குறுவைக்கு வழியில்லை. "வயல்ல ஒரு வேலையும் இல்ல. பொண்ணு நாலு வருஷமாக் கூப்புடுறா... வா, போயிட்டு வந்துருவோம்" என்று என் வீட்டுக்காரரே கிளம்பிவிட்டார். மகளும் மாப்பிள்ளையும் அங்கேதான் வேலையில் இருக்கிறார்கள். பேத்திக்கு அப்போது பதிமூன்று வயது. ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். "அம்மாச்சி, உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். பயப்படக் கூடாது" என்று சொல்லித்தான் அங்கே அழைத்துப் போனாள்.

இந்த இடத்தை 1974-ல் முதலில் தொடங்கியவர் அனபெல் கெடஸ் என்ற பெண்மணியாம். அப்போது டூலி தெருவில், ரயில் பாதைக்குக் கீழே உள்ள பழைய வளைவுகளில், பொம்மைகளை வைத்து ஒரு காட்சிசாலையாக நடத்தினார்கள். பிறகு நடிகர்களை வைத்து நடத்தும் காட்சியாக மாறியது. 2013-ல் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கவுன்டி ஹால் என்ற பெரிய கட்டடத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் லண்டன் ஐ என்ற ராட்சச ராட்டினம். எதிர்க்கரையில் பார்லிமென்ட், பிக் பென் மணிக்கூண்டு. நம்ம ஊரில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் பேய் வீடு இருக்கிற மாதிரியே அங்கும் இருக்கிறது!

உள்ளே போனதும் ஒரு லிஃப்ட். கீழே விழுவது போல் ஆட்டி, குலுக்கி இறக்குகிறது. அப்புறம் இருட்டில் ஒரு படகுப் பயணம். எட்டாம் ஹென்றி ராஜா நம்மை ராஜத்துரோகி என்று தண்டிக்க அனுப்புவதாகக் கதை. ஆறு கல்யாணம் செய்துகொண்டு, அதில் இரண்டு மனைவிகளின் தலையை வெட்டச் சொன்ன மகராசன் அவர்! அடுத்து பார்லிமென்டை வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்து, 1605-ல் பிடிபட்ட கய் ஃபாக்ஸ் கதை. அடுத்து சித்திரவதைக் கூடம். அடுத்து கொள்ளைநோய் வந்த தெரு. ஒவ்வொரு அறையிலும் அந்தக் கால உடையில் நடிகர்கள். புகை, சத்தம், திடீர் திடீரென்று மேலே தெறிக்கும் தண்ணீர்!

நீதிமன்ற அறையில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நம்ம ஊர் வள்ளி திருமணம் நாடகத்தில் பபூன் கூட்டத்தில் ஒருத்தரைப் பிடித்து வம்பு செய்வானே, அதே மாதிரி அந்த நீதிபதி வேஷக்காரர் கூட்டத்தில் ஆள் பிடித்துக் கூண்டில் ஏற்றுவார். பிடித்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரரைத்தான்! அவர் என்ன கேட்டாலும் இவர் "எஸ், எஸ்" என்று தலையாட்ட, கூடியிருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "என்ன குத்தம்னே தெரியாம ஒத்துக்கிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு ஸ்வீனி டாட் என்ற நாவிதனின் கடை. சவரம் செய்ய வந்தவர்களைக் கொன்று, பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்து, அவள் அதை வைத்துப் பணியாரம் மாதிரி ஒரு பண்டம் சுட்டு விற்றாளாம். அட கண்றாவியே! நாற்காலியில் உட்கார வைத்து விளக்கை அணைத்தார்கள். காதோரம் கத்தி உரசும் சத்தம். நான் என் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டேன். வெளியே வந்த பிறகு மாப்பிள்ளை சொன்னார், அது நிஜம் இல்லையாம். 1846, 47-ல் ஒரு பத்திரிகையில் வந்த தொடர்கதையாம். அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் மற்றவை கதை இல்லை, தோழிகளே. 1665-ல் லண்டனில் கொள்ளைநோய் வந்து சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். நாலில் ஒருவர் போய்விட்டார் என்கிறார்கள். நோய் கண்ட வீட்டில் எல்லாரையும் உள்ளே வைத்துப் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை போட்டுவிடுவார்கள். நாற்பது நாள் யாரும் வெளியே வரக் கூடாது. அந்தக் காலத்தில் செத்தவரின் உடம்பைப் பார்த்து இது எந்த நோய் என்று சொல்வதற்கு ஏழைக் கிழவிகளை, பெரும்பாலும் விதவைகளை, நியமித்திருந்தார்கள். ஒரு பிணத்துக்கு இவ்வளவு என்று சில்லறைக் கூலி. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போவதற்காகக் கையில் ஒரு கோலும் பிடித்திருக்க வேண்டும். உயிரைப் பணயம் வைத்து வீடு வீடாக நுழைந்தவர்கள் அந்தக் கிழவிகள். ஊரோ அவர்களைக் கண்டு ஒதுங்கியது.

நாங்கள் ஊர் திரும்பிய அடுத்த வருஷமே, 2020-ல், கொரோனா வந்தது. எங்கள் தெருவிலும் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த வீடுகளின் குப்பையை அள்ளியதும் நம்மைப் போன்ற பெண்கள்தான். பிளீச்சிங் பவுடர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லண்டன் கிழவிகள் ஞாபகம் வரும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த டன்ஜனில் எல்லாரும் ஆவலாய்க் காத்திருக்கும் அறை 'ஜாக் தி ரிப்பர்' அறை. 1888-ல் கிழக்கு லண்டனில் ஒயிட்சேப்பல் என்ற ஏழைகள் பேட்டையில் அடுத்தடுத்துப் பெண்களைக் கொன்றவன். ஐந்து பெண்களைக் கொன்றது அவன்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கடைசிவரை பிடிபடவில்லை. விளக்கு அணைகிறது... பளிச்சென்று ஒரு வெளிச்சம்... எதிரே ஒரு உருவம்... எல்லாரும் 'வீல்' என்று கத்துகிறார்கள். நானும் கத்தினேன்.

வெளியே வந்து ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது பேத்தி உற்சாகமாய்ச் சொன்னாள். "அம்மாச்சி, அவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிக்கவே முடியலையாம்!"

"அது சரிடா கண்ணு... அந்தப் பொம்பளைங்க யாரு? அவங்க பேரு என்ன?" என்று கேட்டேன்.

அவளுக்குத் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்த ஊரிலேயே இருக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. கொன்றவனின் பட்டப்பெயர் உலகம் பூராவும் தெரிகிறது. சினிமா, புத்தகம், பொம்மை என்று அவனுக்குக் குறைவில்லை. செத்தவர்களின் பெயர் உள்ளூரிலேயே தெரியவில்லை!

என் மகள் அதைச் சும்மா விடவில்லை. ஹாலி ரூபன்ஹோல்ட் என்ற பெண் சரித்திர ஆசிரியர் எழுதி அந்த வருஷம்தான் வெளியான 'தி ஃபைவ்' என்ற புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் கொஞ்சம் படித்துத் தமிழில் எங்களுக்குச் சொன்னாள். நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மேரி ஆன் நிக்கல்ஸ், கொல்லர் மகள். அச்சகத் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டு ஐந்து பிள்ளைகள் பெற்றவள். குடும்பம் உடைந்து, அநாதை விடுதிக்கும் தெருவுக்குமாய் அலைந்தவள்.

ஆனி சாப்மன், ஒரு பெரிய வீட்டுக் கோச்சு வண்டிக்காரரின் மனைவி. பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தாள். குடிப்பழக்கத்தில் விழுந்து வீட்டைப் பிரிந்தாள். கடைசிக் காலத்தில் குரோஷா பின்னி விற்றுப் பிழைத்தாள்.

எலிசபெத் ஸ்ட்ரைட், ஸ்வீடன் நாட்டு விவசாயி மகள். வீட்டு வேலைக்காக ஊர் விட்டு வந்தவள். புருஷனோடு சேர்ந்து காபிக் கடை நடத்தினவள்.

கேத்தரின் எடோஸ், பாட்டுப் புத்தகம் விற்றுப் பிழைத்தவள். சாவதற்குச் சில நாள் முன்புதான் கென்ட் பக்கம் அறுவடைக் கூலி வேலைக்குப் போய்விட்டு நடந்தே திரும்பியிருந்தாள். இதைக் கேட்டதும் அறுப்புக் காலத்தில் எங்கள் ஊருக்கு மூட்டை முடிச்சோடு வரும் பெண்கள்தான் என் கண்முன் வந்தார்கள்.

மேரி ஜேன் கெல்லி, ஐந்து பேரில் சின்னவள். இருபத்தைந்து வயது இருக்கும் என்கிறார்கள். அவளைப் பற்றி அதிகம் தெரியவே இல்லை.

ஐந்து பேரையுமே 'அப்படிப்பட்ட பெண்கள்' என்று ஒரே வார்த்தையில் ஊர் முடித்துவிட்டது. அவர்களில் மூன்று பேர் அந்தத் தொழில் செய்ததற்கு ஆதாரமே இல்லை என்கிறார் அந்த ஆசிரியர். செய்திருந்தால்தான் என்ன, கொல்லலாமா? என்னை உலுக்கிய விஷயம் இன்னொன்று. நிக்கல்ஸும் சாப்மனும் செத்த அந்தந்த ராத்திரியில், சத்திரத்தில் படுக்கக் காசு இல்லாததால்தான் வெளியே தெருவில் நின்றார்கள். நிக்கல்ஸுக்கு வேண்டியிருந்தது வெறும் நாலு பென்னி. நாலு பென்னி! அந்தக் கத்தியைவிட இந்த நாலு பென்னிதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

இந்தக் கோபம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்பது பிறகு தெரிந்தது. 2015-ல் லண்டன் கேபிள் தெருவில் பெண்கள் சரித்திரத்துக்கு ஒரு மியூசியம் வரப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்தால் அது ஜாக் தி ரிப்பர் மியூசியம்! அந்த ஊர்ப் பெண்கள் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதோடு நிற்காமல், கிழக்கு லண்டன் பெண்களின் வாழ்க்கையைச் சொல்ல ஒரு காட்சிசாலை வேண்டும் என்று தாங்களே ஒரு முயற்சியையும் அந்த வருஷம் தொடங்கினார்கள்.

'லண்டன் கதை நமக்கு எதற்கு?' என்று சிலர் நினைக்கலாம். நம்ம ஊரிலும் இது உண்டு. தஞ்சாவூர் அரண்மனையில் சரஸ்வதி மஹால் நூலகத்தின் காட்சிக்கூடத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஓலைச்சுவடி, பழைய ஓவியம் இவற்றோடு, சீன தேசத்தில் குற்றவாளிகளுக்குக் கொடுத்த தண்டனைகளைக் காட்டும் படங்களும் அங்கே உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் படங்களுக்கு முன்னால்தான் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள். பயங்கரத்தைப் பார்க்கும் ஆசை எந்த ஊர்ப் பிள்ளைக்கும் உண்டு. அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். பயத்தில்தான் பிள்ளைக்குச் சரித்திரம் மனதில் பதிகிறது.

ஆனால் எங்கள் மண்ணில், கூப்பிடு தூரத்தில் நடந்த பயங்கரம் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? 1968 டிசம்பர் 25. அப்போது ஒன்றாக இருந்த தஞ்சை மாவட்டத்தில், இப்போது நாகை மாவட்டத்தில் இருக்கும் கீழவெண்மணி. நெல் கூலி கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், சங்கமாய்ச் சேர்ந்தார்கள் என்பதற்காக, சேரியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேரை உயிரோடு கொளுத்திவிட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதாரர்களை 1973-ல் ஹைகோர்ட் விடுதலை செய்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நாங்கள் போனால் நிறுத்திவிடுவார்கள். "சின்னப் புள்ளைங்க காதுல விழ வேண்டாம்" என்பார்கள். ராத்திரியானால் எங்களுக்குப் புளியமரத்துப் பேய்க் கதை மட்டும் தாராளமாய்ச் சொல்வார்கள்! எதைச் சொல்ல வேண்டுமோ அதை மறைத்து, எது இல்லையோ அதைக் காட்டிப் பயமுறுத்தினார்கள்.

2023 டிசம்பர் லீவுக்குப் பேத்தி ஊருக்கு வந்தபோது வெண்மணிக்கு அழைத்துப் போனோம். அங்கே புகை இல்லை, திடீர்ச் சத்தம் இல்லை, வேஷக்காரர் இல்லை. அமைதியான ஒரு நினைவிடம். 44 பேரின் பெயரையும் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பேத்திக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு பெயராய்ச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். பாதியில் குரல் கம்மிவிட்டது. மீதியை என் வீட்டுக்காரர் படித்து முடித்தார். லண்டனில் ஒன்றரை மணி நேரம் அத்தனை கத்தியும் வராத அழுகை அங்கே எங்களுக்கு வந்தது.

வெண்மணிக்குப் பின்னால் இன்னொரு பெண்ணின் கதையும் இருக்கிறது. அதையும் பேத்திக்குச் சொன்னேன். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் என்ற காந்தியவாதி அம்மா, அந்தக் கொடுமைக்குப் பிறகு தன் கணவரோடு இந்தப் பகுதிக்கு வந்து தங்கினார். 1981-ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலம் வைத்திருந்தவர்களிடம் பேசி, பாங்குக் கடனுக்கு ஏற்பாடு செய்து, நிலமில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் வாங்கிக் கொடுத்தார்கள். பட்டா யார் பெயரில் தெரியுமா? வீட்டுப் பெண்களின் பெயரில்! கூலி கேட்டதற்காகப் பெண்கள் கருகிய மண்ணில், பெண்கள் பெயரில் பட்டா. எந்தப் பேய் வீட்டிலாவது இப்படி ஒரு முடிவைக் காட்டுவார்களா?

ஊர்ப் பேய்க் கதைகளையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாய்க்கால் கரை மோகினி, கிணற்றடிப் பேய், பிரசவத்தில் செத்து அலைகிற ஆவி... எல்லாமே பெண்! பல கதைகளுக்குப் பின்னால் நிஜமாகவே செத்துப்போன ஒரு பெண் இருப்பாள். மாமியார் கொடுமையில் கிணற்றில் குதித்தவளாய் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்காமல் பிள்ளைப்பேற்றில் போனவளாய் இருக்கலாம். ஏன் செத்தாள் என்று கேட்காமல், 'அந்தப் பக்கம் போகாதே, பேய் பிடிக்கும்' என்று முடித்துவிடுகிறோம். அவளைச் சாக விட்டவர்களுக்கு அது சௌகரியமாய்ப் போய்விடுகிறது.

ஆனால் நம் முன்னோர்கள் இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். சாலையோரம் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு செத்த பெண்ணின் நினைவாக வீட்டார் அதை வைப்பது வழக்கம். அவளால் இறக்கி வைக்க முடியாத சுமைக்காக, தலைச்சுமையோடு வருகிற யாரோ ஒருத்தி இறக்கி வைத்து இளைப்பாறட்டும் என்று வைத்தார்கள். செத்தவளைப் பேயாக்குவதும் நம்ம வழக்கம்தான், கல் நட்டு நினைப்பதும் நம்ம வழக்கம்தான். எதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

லண்டன் டன்ஜனுக்கு யாரும் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் போய் வாருங்கள். நடிப்பும் ஜோடனையும் பிரமாதம். ஆனால் ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. கடைசியில் உயரத்திலிருந்து தடாலென்று இறக்கும் விளையாட்டு ஒன்றும் உண்டு. சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம், ராத்திரி தூங்காது.

லண்டனோ, பொருட்காட்சியோ, டி.வி.யில் வரும் கொலைக்கதையோ, எதைப் பார்த்துவிட்டு வந்தாலும் பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். செத்தது யார்? அவர் பெயர் என்ன? அவரைக் காப்பாற்ற என்ன செய்திருக்கலாம்? பேத்தியிடம் கேட்டுப் பார்த்தேன். நாலு பென்னி காசு என்று சட்டென்று பதில் வந்தது.

உங்கள் ஊர்ப் பக்கமும் சுமைதாங்கிக் கல் இருக்கும், பேய்க் கதையும் இருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே, அது யாருக்காக வைத்த கல், அந்தப் பேய் யார் வீட்டுப் பெண் என்று கேட்டு, தெரிந்ததை இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன், தோழிகளே.

— ஒரு வாசகி,
திருவாரூர் பக்கம்.